இரட்டையர் ஆட்டத்தில் மூன்றாவது பெயர்

2022 ஜனவரி 24. பாரிஸ் ரோதான் அருங்காட்சியகத் தோட்டத்தில் தியோர் நிறுவனத்தின் ஆடை அணிவகுப்பு. மாடல்கள் நடந்துவந்த கூடத்தின் சுவர்களை மறைத்துத் தொங்கியது நம் நாட்டுக் கைத்தையல். மாதவி பரேக் வரைந்த தெய்வங்களும் விலங்குகளும், மனு பரேக் வரைந்த பூக்களும் வடிவங்களும் ஆளுயரத்துக்கு மேலே துணியில் விரிந்திருந்தன. ஓர் ஓவியத் தம்பதியின் கைவண்ணம் துணிக்கு மாறி, உலகமே பார்க்கும் மேடையில் நின்ற நாள் அது.

வெற்றி என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் எப்படி வென்றார்கள், களத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் ஆரணித் தறிக்காரருக்கும் வந்தவாசிப் பாய்க்காரருக்கும் இதில் என்ன இருக்கிறது என்பது விளங்கும்.

ஜோடியின் பலம்

மனு 1939-இல் அகமதாபாத்தில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் முறையாகப் படித்தவர். மாதவி 1942-இல் குஜராத்தின் சஞ்சயா என்ற கிராமத்தில் பிறந்தவர். கலைப்பள்ளி வாசலை மிதிக்காதவர். 1964-இல் அவர் கருவுற்றிருந்தபோது, பால் கிளே எழுதிய பயிற்சிப் புத்தகத்தை வைத்து மனு பாடம் தொடங்கினார். கோடு, வட்டம், முக்கோணம் என்று ஆரம்பித்த மாதவி, சீக்கிரமே ஊரில் பார்த்த கோலத்தையும் பெண்கள் போடும் தையல் பூவையும் தாளுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இந்த ஜோடியின் முதல் பலம் இங்கேதான் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவரின் நிழலாக மாதவி ஆகவில்லை. மனுவின் தூரிகையில் வேகமும் அடர்த்தியும் அதிகம். காசியின் படித்துறைகளைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தவர். மாதவியோ புள்ளி புள்ளியாக, ஓரம் கட்டி, கதை சொல்கிறவர். ஒரே வீட்டில் வாழ்ந்தும் இரண்டு கைகளும் ஒன்றையொன்று விழுங்கிவிடவில்லை. பாரிஸில் இரண்டும் பக்கம் பக்கமாகத் தொங்கியபோது எது யாருடையது என்று தெளிவாகத் தெரிந்தது. சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

இரண்டாவது பலம் வெளியே அதிகம் பேசப்படாதது. மனு 1960-களின் நடுவில் நெசவாளர் சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓவியர்களைத் தறியின் பக்கம் கொண்டுவருவதற்காகப் புபுல் ஜெயகர் 1950-களில் உருவாக்கிய அமைப்பு அது. காஞ்சிபுரத்திலும் அதற்கு ஒரு மையம் உண்டு. பிறகு டெல்லியில் கைவினை, கைத்தறி ஏற்றுமதிக் கழகத்தில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வடிவமைப்பு ஆலோசகராக இருந்தார். ஆக, 2022-இல் பார்த்த ஆட்டத்துக்கான பயிற்சி அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நூல் எவ்வளவு தாங்கும், எங்கே மறுக்கும் என்பதை அறிந்த ஓவியர் அவர்.

தாளிலிருந்து துணிக்கு

ஓவியத்தைத் துணிக்கு மாற்றுவது நகல் எடுக்கும் வேலை இல்லை. பாஸ்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறப்பொடியில் கொஞ்சம் பிசின் சேர்த்து உருட்டிய குச்சி அது. தாளின் சொரசொரப்பில் பொடி ஒட்டுகிறது. விரலால் தேய்த்தால் நீலம் மெல்ல மெல்லக் கரைந்து ஊதாவில் கலக்கிறது. நூலில் விரல் வைத்துத் தேய்க்க முடியுமா? நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு சாயலுக்கும் தனித்தனியாகச் சாயம் தோய்த்த நூல் வேண்டும். இல்லையென்றால் இரண்டு நிற நூல்களை நெருக்கி வைத்து, கலக்கும் வேலையைப் பார்ப்பவர் கண்ணிடம் விட்டுவிட வேண்டும்.

இந்த இரண்டாவது வித்தை நம் நெசவாளருக்குப் பழக்கமானது. பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம் ஓட்டி, புடவை அசையும்போது பச்சையும் நீலமுமாக மாறி மாறித் தெரியும் மயில்கழுத்து நிறத்தைக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கண்ணில் என்ன செய்யும் என்பதை ஐரோப்பாவில் 1839-இல் புத்தகமாக எழுதியவர் செவ்ரூல் என்ற வேதியியலாளர். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறத்தில் என்று கண்டுபிடித்தார். அந்தப் பாடத்தைக் கையில் எடுத்த ஓவியத் தம்பதிதான் ராபர்ட் தெலோனேயும் சோனியா தெலோனேயும். ராபர்ட் அதைக் கித்தானில் வரைந்தார். சோனியா துணியிலும் ஆடையிலும் கொண்டுவந்து, 1925 பாரிஸ் கண்காட்சியில் கடையே விரித்தார். தறியில் பிறந்த சிக்கல் ஓவியக் கொள்கையாகி, மறுபடி துணிக்கே வந்து சேர்ந்த வரலாறு இது. ஓவியர் மேலே, நெசவாளர் கீழே என்று அடுக்குகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

எண்கள் சொல்வது

பாரிஸ் கூடத்தில் தொங்கிய துணியின் பரப்பு 340 சதுர மீட்டர். மும்பையின் சாணக்யா கைவினைக் கூடத்தைச் சேர்ந்த 380 கைவினைஞர்கள் 2,80,000 மணி நேரம் உழைத்ததாக அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்ப்போம். ஆளுக்கு ஏறத்தாழ 737 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்றால் 92 நாள். ஒரு சதுர மீட்டருக்கு 820 மணி நேரத்துக்கும் மேல். ஒரே ஆள் உட்கார்ந்தால் ஒரு சதுர மீட்டரை முடிக்க நூறு நாளுக்கு மேல் ஆகும். அணிவகுப்பு நடப்பதோ சில நிமிடங்கள்.

ஆட்டத்தின் பெரும்பகுதியை யார் ஆடினார்கள் என்பதற்கு இந்தக் கணக்குக்கு மேல் சாட்சி தேவையில்லை. மூலப்படம் தம்பதியுடையது. அதைத் துணியில் உயிரோடு நிறுத்தியது அந்த 380 பேரின் ஊசி. தம்பதியின் பெயரும் சாணக்யாவின் பெயரும் உலகமெங்கும் போயின. 380 பேர், 380 என்ற எண்ணாகவே நின்றார்கள். இந்த ஆட்டத்தில் நான் காணும் ஒரே பலவீனம் அதுதான். சிறிய பலவீனமும் அல்ல.

மாற்று வழி உண்டு

ஜெர்மனியின் ஆனி ஆல்பர்ஸ் ஓவியர் யோசப் ஆல்பர்ஸின் மனைவி. தறியில் தானே உட்கார்ந்தவர். அதனால் பெயர்ச் சிக்கலே எழவில்லை. 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் கண்காட்சி.

அடுத்த வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் உருவானபோது, ஓவியர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் துணி போன்ற கைவினை வேலைகள்தான். அங்கே வாழ்ந்த ஓவியத் தம்பதி எஸ்.ஜி. வாசுதேவும் அர்னவாஸும். அர்னவாஸ் 1988-இல் மறைந்தார். பெங்களூருவுக்குப் போன வாசுதேவ், பின்னாளில் தன் ஓவியங்களைப் பட்டு நூலில் சித்திர நெசவாகக் கொண்டுவந்தார். அவற்றை நெய்தவர் சுப்பராயலு. அந்தப் பெயர் எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் இப்போது தெரிகிறது. காரணம், வாசுதேவ் அதைச் சொன்னார். நெய்தவரைக் கூட்டாளியாக அறிமுகப்படுத்தியதால் ஓவியரின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

இங்கே என்ன செய்யலாம்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வந்தவாசிக் கோரைப்பாய்க்கு ஊர் ஊராகப் பெயர் இருக்கிறது. ஆனால் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூலியும் இல்லை, பெயரும் இல்லை என்றால் எந்த ஆட்டக்காரர் களத்தில் நிற்பார்?

கூலியை உயர்த்தும் பொறுப்பு அரசுக்கும் வியாபாரிக்கும் உண்டு. பெயரைக் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கோ-ஆப்டெக்ஸ் 2010-களில் பட்டுப் புடவையோடு நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை வைத்தது. புடவைக்கு முடிந்தது கலைக் கண்காட்சிக்கு முடியாதா?

ஓவியர்களே, அடுத்த முறை உங்கள் பாஸ்டல் படத்தைத் துணியில் பார்க்க ஆசைப்பட்டால் ஆரணிக்கு வாருங்கள். தறிக்குப் பக்கத்தில் சில மாதமாவது உட்காருங்கள். பாவு, ஊடை, நாடா என்ன செய்யும், என்ன செய்யாது என்று கற்றுக்கொண்டு படம் போடுங்கள். கண்காட்சி நடத்துகிறவர்களே, படத்தின் அருகில் ஒட்டும் சீட்டில் வரைந்தவர் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், நெய்தவர் பெயரையும் அச்சிடுங்கள். பார்க்கப் போகிறவர்கள் அந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள்.