ஏழு ஏட்டில் ஒரு பேரரசு

கூரம் செப்பேட்டில் ஒரு போர் வருகிறது. படைகள் கிளப்பிய புழுதியில் சூரியன் நிலவைப்போல மங்குகிறது. யானைகள் மேகம் மேகமாகத் திரள, முரசுகள் இடியாக முழங்குகின்றன. யானைக்கு அரிவாரணம், குதிரைக்கு அதிசயம் என்று பெயர்கூட உண்டு. பல லட்சம் பேர் கொண்ட சேனையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன், இடுப்பில் ஒரு கந்தல் மட்டும் மிஞ்ச, ஓட்டம் பிடிக்கிறான். ஓட வைத்தவன் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்ட ஏழு செப்பு ஏடுகள் இவை. கல்வெட்டியலாளர் ஹூல்ட்ஷ் இவற்றை 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

சீனத்து ‘சியான்சியா’ நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த வருணனை புதிதாக இருக்காது. தவத்தாலும் மருந்தாலும் சாவை வெல்லப் பார்க்கும் சாதகர்களின் கதைகள் அவை. வாங் யூ 2008இல் இணையத்தில் தொடராக எழுதத் தொடங்கிய ‘ஃபான்ரென் ஷியூஷியான் ஜுவான்’ போன்றவற்றில் நிலப்பரப்புக்கு எல்லை கிடையாது. பேரரசுகளுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வயது. குலமூத்தோர் சாகாமல் மலைக்குகையில் அமர்ந்திருப்பார்கள். நம் பல்லவர்களும் சளைத்தவர்கள் இல்லை. பல்லவச் செப்பேடுகள் குலவரிசையைப் பிரம்மாவில் தொடங்கி, ஆங்கிரசர், பிருகஸ்பதி, பரத்வாசர், துரோணர் வழியாக அசுவத்தாமனிடம் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அசுவத்தாமன் சாவில்லாதவன். சிரஞ்சீவி ஒருவனை முப்பாட்டனாக வைத்திருக்கும் அரசகுலம் கற்பனைப் பேரரசாக வேறென்ன செய்ய வேண்டும்?

பிரசஸ்தி என்னும் இந்தப் புகழ்மரபைப் பொய் என்று ஒதுக்குவது எளிது. எண்களே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு அரைக்கிலோ அரிசி என்றாலும் நாளொன்றுக்கு 50 டன் வேண்டும். மாட்டுவண்டிக் காலத்தில் பல லட்சம் பேரை ஒரே களத்தில் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? இந்த வழக்கம் பல்லவர்களோடு நிற்கவும் இல்லை. மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள்தான் உண்டு; ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி அதைப் பன்னீராயிரமாக்குகிறது.

ஆனால் இதே மரபுதான் வரலாற்றாசிரியனுக்குச் சோறு போடுகிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டு ஏற ஏற நீண்டுகொண்டே போகிறது. எந்த வெற்றி எந்த ஆண்டுக்கு முன் நடந்தது என்று அந்த நீளத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். கூரம் இருக்கும் அதே மாவட்டத்து உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளில் அரசனின் புகழ் ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழியோடு முடிந்துவிடுகிறது. சோழன் முதலாம் பராந்தகனை அடையாளம் காட்ட அது போதும். அடுத்து வருவது, ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளில் யார் வேட்பாளராகலாம், 35 வயதுக்குக் குறைந்தவர் ஏன் ஆகாது என்பதெல்லாம்தான். பெருமை இங்கே முகவரியாகச் சுருங்கிவிட்டது. நான் மெச்சுவது இந்தச் சுருக்கத்தை.

இன்னொரு பயன், எதிராளியின் பெருமையோடு மோதவிட்டால் தெரியும். விக்கிரமாதித்தனின் கத்வால் பட்டயம் 674ஆம் ஆண்டினது. காஞ்சியைப் பிடித்ததாகவும், காவிரித் தென்கரையில் உறையூரில் பாசறை அடித்திருப்பதாகவும் அவன் அதில் சொல்கிறான். கூரம் செப்பேடு காஞ்சி பறிபோனதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, பரமேசுவரவர்மன் வென்ற பெருவளநல்லூர்ப் போரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் உதயேந்திரம் பட்டயத்தையும் சேர்த்தால்தான் ஓரளவு கதை கூடுகிறது: தலைநகரை விட்டு வெளியேறிய பல்லவன் பின்னால் திரும்பி அடித்திருக்கிறான். தோற்ற செய்தி எப்போதும் பகைவனின் ஏட்டில்தான் கிடைக்கும். ஒரு பிரசஸ்தியை மட்டும் படிப்பவன் ஏமாந்துபோவான்.

கூரம் செப்பேட்டின் குலவரிசையும் போரும் அதன் வடமொழிப் பகுதியில் வருபவை. முடிவை நோக்கிப் போகும்போது மொழி தமிழுக்கு மாறுகிறது. கூடவே உலகமும் மாறுகிறது. ஊற்றுக்காட்டுக் கோட்டம், நீர்வேளூர் நாடு, கூரம் என்று விலாசம் வருகிறது. பொன் கொடுத்து வாங்கிய நிலம் வருகிறது. கோயிலுக்குச் செங்கல் சுட்ட கதை வருகிறது. பரமேசுவர தடாகம் என்ற ஏரியும், பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரும்பிடுகு வாய்க்காலும் வருகின்றன. செக்கும் தறியும்கூடக் கணக்கில் உண்டு. பரமேசுவரமங்கலம் என்று பெயரிட்ட ஊரை 25 பங்காகப் பிரிக்கிறார்கள். மூன்று பங்கு, வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னும் சிவன் கோயிலின் பூசைக்கும் பராமரிப்புக்கும். ஒரு பங்கு, கூரத்து மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும். ஒரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. மிச்சம் இருபதும் நான்மறை கற்ற இருபது பேருக்கு.

பாரதம் வாசிக்க ஒரு பங்கு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மண்டபத்தில் கூடியவர்கள் கேட்ட பாரதத்தில் துரோணர் வருகிறார், அசுவத்தாமன் வருகிறான். அதாவது, அரசகுலத்தின் மூதாதை கதையை ஊரார் காதில் ஏற்றுவதற்கு ஊர் விளைச்சலிலேயே நிரந்தர ஒதுக்கீடு. கற்பனைப் பேரரசு சும்மா நிற்பதில்லை. அதற்கும் ஒரு வாய்க்கால் பாசனம் வேண்டியிருக்கிறது. மறுபக்கம், அந்த வாய்க்கால் யாருடையது, பங்கு யாருக்கு என்று கேட்டால் பதில் வடமொழிப் பகுதியில் இருக்கிறது: கொடுத்தவன் பிரம்மா வழிவந்தவன், பல லட்சம் சேனையை முறியடித்தவன், ஆகவே கொடை செல்லும். புகழ்ச்சி இந்தப் பத்திரத்தின் முத்திரைத்தாள். சட்டப் பலம் அதிலிருந்துதான் வருகிறது என்பதால் அதை அலங்காரம் என்று கழித்துவிட முடியாது.

பிரசஸ்தியின் பெரிய குறையாக நான் கருதுவது மிகைப்படுத்தலை அல்ல. அதைக் கழித்துப் படிக்க நமக்குத் தெரியும். ஆள்களை விழுங்குவதுதான் குறை. யானைக்குப் பெயர் இருக்கிறது, குதிரைக்குப் பெயர் இருக்கிறது. பாலாற்றிலிருந்து கூரம் வரை மண் வெட்டியவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. இந்த விஷயத்தில் தமிழ்ப் பகுதியும் யோக்கியம் இல்லை. பங்கு பெற்றவர்களைச் சொல்லும் அது, அந்தப் பங்கை உழுது விளைவித்தவர்களைச் சொல்லவில்லை. கோட்டமும் நாடும் கணக்காக வரும் ஏட்டில் உழவர் வராததைத் தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

சீன நாவல்களின் நிலைமை விசித்திரமானது. அவற்றின் பேரரசுகள் பெரும்பாலும் வடமொழிப் பகுதி மட்டுமே உள்ள செப்பேடுகள். கோடி கோடியாகக் குடிகள். யார் என்ன சாப்பிடுகிறார்கள், ஏரிக்கு யார் மதகு திறக்கிறார்கள் என்று தெரியாது. வாங் யூவின் நாவல் இதில் பரவாயில்லை. அதன் நாயகன் ஹான் லீ ஏழைக் கிராமத்துப் பையன். அவனுக்கு வாய்த்த வரம், மூலிகைகளைச் சீக்கிரம் முற்றவைக்கும் ஒரு சிறு குப்பி. தோட்டம், மருந்துச் சரக்கு, பண்டமாற்று என்று கதை கணக்கோடு நகரும் இடங்களில் அந்த உலகை நம்ப முடிகிறது. படைகள் மோதத் தொடங்கியதும் நம்பிக்கை போய்விடுகிறது, கண்ணுக்கு மட்டும் விருந்து.

நம் சரித்திர நாவல்களையும் இந்த இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. கல்கி ‘சிவகாமியின் சபத’த்தில் பரமேசுவரவர்மனின் பாட்டன் மாமல்லனை எடுத்துக்கொண்டார். சாளுக்கியன் புலிகேசியின் முதுகில் வெற்றி என்று எழுதியவனாகக் கூரம் செப்பேடு பாராட்டுவது அந்த மாமல்லனைத்தான்; அவன் வென்ற களங்களில் மணிமங்கலத்தையும் அது சேர்க்கிறது. கல்கிக்குச் சிற்பியும் ஆடல்மகளும் முக்கியம், அந்த அளவுக்கு அவர் பிரசஸ்தியைத் தாண்டியவர். அவருக்குப் பின்வந்த பலர் யானைப்படை, குதிரைக் குளம்பொலி, ஒற்றர் வேடம், இளவரசியின் கடைக்கண் என்று ஏட்டின் வடமொழிப் பாதியோடு நின்றுகொண்டார்கள். தமிழில் எழுதிய அவர்கள் ஏட்டின் தமிழ்ப் பகுதியைப் புரட்டவே இல்லை என்பது வேடிக்கைதான்.

கூரத்தில் அந்தச் சிவன் கோயிலின் மேற்கட்டுமானம் போய்விட்டது. யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாடம் அது. கருங்கல் பலகைகளால் ஆன கீழ்ப்பகுதியிலிருந்து அந்த வடிவத்தை இன்னும் ஊகிக்கலாம். ஊர்ப்பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான். கலை தெரிந்தவர்கள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் பல்லவர் காலத்து வெண்கல நடராசரைச் சொல்வார்கள். செப்பேட்டைச் சொல்பவர்களும் விக்கிரமாதித்தனின் கந்தலைத்தான் சொல்வார்கள், பாடநூல்களும் அப்படியே. 25 பங்கின் கணக்கு நிலவுடைமை ஆராய்ச்சிக்காரர்களின் அடிக்குறிப்பில் கிடக்கிறது. பல்லவ நாட்டை வைத்து அடுத்து நாவல் எழுதப்போகிறவர் போர்க்களத்துக்குப் போகுமுன் அந்த மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டவரிடமிருந்து தொடங்கலாம். அவருக்குப் பாரதமும் காதில் விழுந்திருக்கும், வாய்க்கால் வற்றினால் தன் பங்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கும்.