பட்டியலில் இருந்த எழுத்து

கலீபா பதவியை 1924-இல் ஒழித்து, மதச்சார்பின்மையை 1937-இல் அரசியல் சட்டத்திலேயே பொறித்த நாடு துருக்கி. அந்தத் துணிவைப் போற்றாத பகுத்தறிவாளர் உண்டோ? போற்றுவோம். ஆனால் பாயிக் ஓக்தே 1951-இல் வெளியிட்ட செல்வ வரி பற்றிய நூலையும் புரட்டிப் பார்ப்போம். இஸ்தான்புல்லில் அந்த வரியைத் தண்டிய நிதித்துறைத் தலைவரே அவர்!

1942 நவம்பரில் பிறந்த சட்டத்தில் மதத்தின் பெயரே இல்லை. பட்டியலிலோ ஆளுக்கோர் எழுத்து! முஸ்லிமுக்கு 'எம்', அல்லாதாருக்கு 'ஜி'. 'ஜி' பெற்ற கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் தலையில் பன்மடங்கு வரி. முறையிட மன்றமில்லை, தவணையோ பதினைந்தே நாள். கட்ட இயலாதோர், பனி கொட்டும் அஷ்காலேயின் உழைப்பு முகாமுக்கு! அங்கே சென்றவர்களில் முஸ்லிம் ஒருவரும் இல்லை.

இன்னும் ஓர் எழுத்து, 'டி'. 17-ஆம் நூற்றாண்டில் யூத மதம் விட்டு இஸ்லாம் தழுவியோரின் வழிவந்தோருக்கு அது. முஸ்லிமுக்கு உள்ளதைப்போல் இருமடங்கு வரி. தலைமுறை பல கடந்தும் பிறப்பைத் தோண்டினர், மதத்தைத் துறந்ததாகச் சொன்ன அரசினர்!

தம் கையால் நடந்த அநீதியைத் தாமே எழுதினார் ஓக்தே, வசைமாரியும் பெற்றார். நூலின் வலிமை அதுவே. குறை, காலம். வரி 1944 மார்ச்சிலேயே நீங்கிற்று. அதற்குள் கடைகளும் வீடுகளும் கைமாறிவிட்டன.