கலைக்களஞ்சியத் தகுதியும் மலையக மாணவர் மன்றங்களும்

2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, மாணவர் மன்றமொன்று தனிக்கட்டுரைக்குரியதா என்பதை, அம்மன்றத்தைச் சாராதோர் எழுதிய நம்பகமான சான்றுகளைக் கொண்டே தீர்மானிக்க முனைகிறது. விளம்பரத்தைத் தடுக்கும் இவ்வளவுகோலை நாம் நிராகரிக்கவில்லை. ஆயின், அச்சுச் சான்று வர்க்கச் சார்பற்றதன்று. பேராதனைத் தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' வாயிலாகப் பிற்கால ஆய்வாளருக்கு எழுத்துத் தடயங்களை விட்டுச்சென்றது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்ட, தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசின் பொறுப்பில் வரத் தொடங்கிய மலையகத்தில், இறம்பொடை போன்ற இடங்களின் மாணவர் மன்றங்களுக்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. எனவே சான்றின்மை, முக்கியத்துவமின்மைக்கு நிரூபணமாகாது. அளவுகோலைத் தளர்த்துவதன்று தீர்வு. கூட்டக் குறிப்புகள், மலர்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டி, ஆராய்ந்து, பதிப்பிப்பதே தீர்வு. அக்கடமை பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களையே முதலிற் சாரும்.