நல்லா ஒச்சிந்தி!

விடியக்காலை அஞ்சு மணி. மல்காஜ்கிரி ஸ்டேஷன் பக்கத்துத் தெரு, மாடி ரூம், என் முதல் நாள். கீழேயிருந்து ஒரு குரல்: "நல்லா ஒச்சிந்தி! நல்லா ஒச்சிந்தி!" அடடா, யாருக்கோ எதுவோ நல்லபடியா வந்திருக்கு, பரீட்சை முடிவா, பேரப்பிள்ளையான்னு வேட்டியை இழுத்துக் கட்டிக்கிட்டு ஓடிப்போய், முத்தத்துல நின்னு பல்லெல்லாம் தெரிய வாழ்த்துச் சொன்னேன் பாருங்க! பெத்தம்மா, அதான் என் சிநேகிதனோட அம்மா, என்னை மேலும் கீழும் பார்த்துட்டு ஒரு குடத்தைக் கையில திணிச்சாங்க. ஹைதராபாத்ல 'நல்லா'ன்னா தண்ணிக் குழாய். வந்தது தண்ணி!

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், தெலுங்கு கத்துக்க இதைவிட்டா வேற இடமே கிடையாதுன்னு. சிநேகிதனோட அம்மா வீடு, செப்டம்பர் ஆரம்பத்துலேர்ந்து தசரா வரைக்கும் தங்கல், ஒரே ஒரு நிபந்தனை: வீட்டுக்குள்ள தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூணும் கிடையாது, தெலுங்குல கேட்டாத்தான் சோறு.

முப்பது நாள் புத்தகத்தை உருப்போட்டுட்டுப் போயிருந்தேன். எங்கே போறீங்கங்கறதை "எக்கடிகி வெள்துன்னாரு?"ன்னு நான் இலக்கண சுத்தமா கேட்டா வீடே சிரிக்குது. அங்கே அது "ஏடிகி போதுன்னவ்?" இதுல மொழி அகராதியை விட்டு இறங்கி வந்து உங்க தோளைத் தட்டுது இல்ல! இந்தப் பேச்சுத் தெலுங்குக்காகவே எழுதின காளோஜி நாராயண ராவ் பிறந்த செப்டம்பர் 9, தெலங்கானாவுல மொழி தினம். நான் போன வாரமே அது வந்துச்சு, எனக்காகவே வெச்ச மாதிரி ஒரு பூரிப்பு எனக்கு!

சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. அரிசி மாவு, வேர்க்கடலை, எள்ளு, கடலைப்பருப்பு எல்லாம் பிசைஞ்சு, பாத்திரத்து உட்பக்கமாவே தட்டி, விரலால குழி போட்டு, குழிக்குக் குழி எண்ணெய் விட்டுச் சுட்ட சர்வபிண்டி. ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல மெத்துன்னு, அந்த வாசனையிலேயே நாலு வினைச்சொல் தன்னால வாய்க்கு வந்துடுது. அப்புறம் பெத்தம்மா சட்டியோட குனிஞ்சு, "பெருகு?"ன்னாங்க. நான் உருகிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன், வாழையடி வாழையா பெருகுன்னு ஆசீர்வாதம் பண்றாங்கன்னு! அது தயிருங்க. தயிர் வேணுமான்னு கேட்டிருக்காங்க. கருப்புக்கும் 'நல்ல'தான் அங்கே. நம்ம நல்ல பாம்பு அவங்க காதுல வெறும் கருப்புப் பாம்பு. நம்ம சொல்லே இப்படி வேற சட்டை போட்டுக்கிட்டு எதிர்ல வந்து நின்னா எனக்கு அதைக் கட்டிப் பிடிச்சுக்கணும்போல இருந்துச்சு. (கொசு உண்டு. கடைக்காரங்க நம்ம மூஞ்சியைப் பார்த்ததும் இந்திக்கு மாறிடுவாங்க. அதையெல்லாம் யார் கண்டுக்கிட்டா?)

ஆனா உச்சம் அதில்லை. நாம், நாங்கள்னு நமக்கு ரெண்டு இருக்கு பாருங்க, இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் இல்லாத சொத்து, அது தெலுங்குலயும் அப்படியே இருக்கு: மனம், மேமு. கேட்கிறவனையும் சேர்த்துக்கிட்டா மனம், தள்ளி வெச்சா மேமு. நான் ஒரு கிறுக்கன், ராத்திரி ரயில் சத்தத்துல முழிச்சுக்கிட்டு, இன்னைக்கு என்கிட்ட பெத்தம்மா எத்தனை 'மேமு' சொன்னாங்கன்னு விரல் விட்டு எண்ணுவேன். அப்புறம் பதுக்கம்மா பண்டிகை வந்துச்சு. ஒன்பது நாள், பூவையே அடுக்கடுக்கா கோபுரமாக் கட்டி நடுவுல வெச்சு, சுத்தி வந்து கை தட்டிப் பாடுற பெண்கள். அந்த அடுக்குல முதல் பூ எதுன்னு நினைக்கிறீங்க, நம்ம ஆவாரம்பூ, அங்கே தங்கேடு, தெலங்கானாவோட மாநிலப் பூவே அதுதான்! ஒன்பதாம் நாள் சத்துல பதுக்கம்மா, அதுக்குக் காலையில பூ வாங்கப் போனோம், தெருவே மஞ்சள், பண்ணைக்கீரைப் பூவும் துலுக்கச் சாமந்தியும் கூடை கூடையா, காலடியில நசுங்கின பச்சை வாசனை, ஆளுக்கு ஆள் கூவல், பூக்காரம்மா என்னைப் பார்த்து இந்தியில எண்பது ரூபான்னாங்க, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பெத்தம்மா குறுக்கே பாய்ஞ்சு, "மனோடே!"ன்னாங்க. மனோடே! நம்மாளு! அந்த 'மன' எனக்குள்ள போய் மணி அடிச்சது இன்னும் நிக்கலைங்க, கண்ணு கலங்கிப்போச்சு, பூக்காரம்மா சிரிச்சுக்கிட்டே தெலுங்குக்கு மாறி அறுபதுக்கு இறங்கினாங்க, நான் அந்த சந்தோஷத்துல நூறு ரூபாத் தாளை நீட்டி, மிச்சம் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

பெத்தம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "பிச்சோடா!"ன்னு ஆரம்பிச்சு வீடு வர்ற வரைக்கும் திட்டு. ஒரு வார்த்தையைக்கூட மனசுக்குள்ள தமிழாக்காமலே எல்லாம் புரிஞ்சுது.