பஸ் முகப்பில் இரண்டு சைக்கிள்

ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்துச் சேவையான ரிரிசியின் பஸ்கள் எல்லாவற்றின் முன்னாலும் மடித்து நிறுத்திய இரும்புச் சைக்கிள் தாங்கி ஒன்று இருக்கும். கைப்பிடியை அழுத்திக் கீழே இழுத்தால் விரியும். சக்கரங்களைப் பள்ளத்தில் இறக்கி, வில்லுக் கையை இழுத்து முன்சக்கரத்தின் மேல் போட வேண்டும். அவ்வளவுதான். தனிக் கட்டணம் இல்லை.

இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இந்தத் தாங்கிதான். நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் அகன்ற வீதிகள் காருக்கென்றே போட்டவை. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கே நெடுந்தூரம். 2023 ஜூலையில் தடம் புரண்ட ஸ்காபரோ ஆர்டி ரயில் பிறகு ஓடவேயில்லை. அதில் போனவர்களுக்கும் இப்போது பஸ்தான். சுரங்க ரயிலிலோ வேலைநாட்களில் காலை 6.30 முதல் 10 வரையும், மாலை 3.30 முதல் 7 வரையும் சைக்கிளை ஏற்ற முடியாது. அதுதானே உழைக்கிறவர்கள் போய்வரும் நேரம்! பஸ் தாங்கிக்கு அந்தத் தடை கிடையாது. நள்ளிரவு கடந்து வேலை முடிகிறவர் கார் இல்லாமலே பாதி வழி மிதித்து, மீதி வழி ‘நீல இரவு’ எனப்படும் இராச்சேவை பஸ்ஸில் போகலாம். 2018 ஓகஸ்ட் முதல் ஒரே கட்டணத்தில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கவும் முடிகிறது.

ஆனால் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம். மூன்றாவதாக வருகிறவர் அடுத்த பஸ்ஸைப் பார்க்க வேண்டியதுதான், தை மாதக் குளிரிலும்.