வேகக் கடவுளின் படையல் அலமாரி

ரோஜர் டொனால்ட்சனின் 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்' (2005) படத்தின் தொடக்கத்தில் ஒரு அலமாரி வருகிறது. அதில் உடைந்த பிஸ்டன்கள், முறிந்த கன்ராடுகள், உருகி உருத்தெரியாமல் போன அலுமினியத் துண்டுகள். வேகத்தின் கடவுளுக்கு இவை படையல் என்று அதில் எழுதியிருக்கிறது. கேமரா அதைத் தடவிக்கொண்டு நகர்கிறது, ஆண்டனி ஹாப்கின்ஸ் வந்துவிடுகிறார், நாம் அலமாரியை மறந்துவிடுகிறோம். நாம் மறந்தால் பரவாயில்லை, படமே மறந்துவிடுகிறது. எனக்கு இந்தப் படத்தோடு இருக்கிற சண்டை அதுதான். பிடித்த படத்தோடுதானே சண்டையும் போட முடியும்? நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. தலைப்பில் இருக்கும் இண்டியன் நாம் இல்லை, அமெரிக்க மோட்டார் சைக்கிள் கம்பெனி. பர்ட் மன்றோ 1899இல் பிறந்தவர், நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1920இல் ஒரு இண்டியன் ஸ்கௌட் வாங்கினார். 600 சிசி, வாங்கும்போது மணிக்கு 55 மைல் ஓடியது, அதாவது 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரே வண்டியைப் பல பத்தாண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். 1967 ஆகஸ்டில், தன் 68ஆம் வயதில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புவெளியில், 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் 183.59 மைல் ஓட்டிச் சாதனை வைத்தார். கிலோமீட்டரில் 295. கணக்கில் ஒரு பிழை இருப்பதை அவர் மகன் கண்டுபிடித்துச் சொல்ல, 2014இல் அது 184.087 என்று திருத்தப்பட்டது. (47 வருடம் கழித்து மூடப்பட்ட பக் டிக்கெட். என் டீமில் இதைவிடப் பழையது எதுவும் இல்லை என்பது ஒரு ஆறுதல்.)

எண்களைவிட எனக்கு முக்கியமானது அவர் எப்படிப் பாகங்கள் செய்தார் என்பது. தகர டின்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். வார்ப்பிரும்பு கேஸ் குழாயிலிருந்து சிலிண்டர் பேரல் செய்தார். டிராக்டர் அச்சை அறுத்துச் செதுக்கி கன்ராடு செய்தார். சைடு வால்வாக வந்த இன்ஜினை, வால்வுகள் தலைக்கு மேலே இருக்கும் அமைப்புக்கு மாற்றினார். அளப்பதற்கு, பழைய சக்கர ஆரக்கம்பியிலிருந்து மைக்ரோமீட்டர் செய்துகொண்டார். கடைசி விவரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் இதை என்ன செய்கிறது? கொட்டகையில் அலுமினியம் உருக்கி ஊற்றும் காட்சி இருக்கிறது. அழகாகவே இருக்கிறது, பக்கத்துவீட்டுப் பையன் வாய்பிளந்து பார்க்கிறான். பிறகு சமையலறைக் கத்தியால் டயரைச் சீவுகிறார், டயர் வெடிப்புகளில் ஷூ பாலிஷ் தேய்க்கிறார், பான்வில் பரிசோதகர்கள் பெட்ரோல் டேங்கைப் பார்த்தால் மூடிக்குப் பதில் பிராந்தி பாட்டில் தக்கை. தியேட்டரில் எல்லோரும் சிரித்திருப்பார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இந்தக் காட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஆளைச் செய்கின்றன. கிடைத்ததை வைத்து ஒப்பேத்தும் ஆள், கனவு பெரிது, மனசு வெள்ளை, மிச்சத்தை அதிர்ஷ்டம் பார்த்துக்கொள்ளும். ஒப்பேத்துகிறவனுக்கு மைக்ரோமீட்டர் எதற்கு? ஆரக்கம்பியிலிருந்து அளவுகருவி செய்துகொள்கிற ஒருவர், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர். அந்த மனிதரைப் படம் நமக்குக் காட்டவே இல்லை.

கோவை கணபதியில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்த என் மாமாவோடு மூன்றாம் முறை பார்த்தேன். பாதிவரை எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆளு நல்லா நடிக்கறாப்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன் கண்ணு. டின்னுல ஊத்துன பிஸ்டன் அப்படியே வண்டிக்குள்ள போயிருமா? கடையோணும். ரிங்குக்குக் காடி வெட்டோணும். பின் ஓட்டை ரெண்டு பக்கமும் ஒரே நேரா நிக்கோணும். அதெல்லாம் எப்பப் பண்ணுனான்?"

"சினிமா மாமா, அதெல்லாம் காட்டுனா யார் பாப்பாங்க?"

"நான் பாப்பனே."

எனக்குத் தெரிந்து இந்தப் படத்தைப் பற்றி வந்த நல்ல விமர்சனம் இதுதான். அவர் கேட்டதற்குப் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் பார்க்க வட்டமாக இருக்கும், ஆனால் சரியான வட்டம் கிடையாது. மேல்பகுதி அதிகம் சூடாகி அதிகம் விரியும் என்பதால் அங்கே விட்டம் குறைவாக இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் மயிரிழை அளவு நீள்வட்டம். இறுக்கமாகச் செய்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும், தளர்வாகச் செய்தால் ஆடி உடையும். உருகிய அலுமினியமோ ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சாதி, ஆறும்போது உள்ளே ஊசிமுனைத் துளைகள் விழும். அது வெளியே தெரியாது. லேத்தில் ஏற்றிப் பாதி கடைந்த பிறகு, ஒரு சாயங்காலம் முழுக்க வேலை செய்த பிறகு, துளை தெரியும். திரும்ப உருக்கு. துளை கண்ணில் படாமல் தப்பித்த பிஸ்டன் இன்ஜினுக்குள் போய் உடைந்து, பிறகுதான் அலமாரிக்கு வரும். அலமாரியில் இருப்பவை வெறும் தோல்விகள் இல்லை, கடைசிப் பரிசோதனை வரைக்கும் வந்து தோற்றவை. ஒவ்வொன்றும் எங்கே உடைந்ததோ அங்கே அடுத்ததை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பர்ட் மன்றோவிடம் இருந்த ஒரே பாடப்புத்தகம் அதுதான். அதை ஒரு பின்னணிப் பொருளாக வைத்துவிட்டு நகர்ந்துபோகிறது கேமரா.

மோட்டார் சைக்கிளும் இலக்கியமும் என்று பேச்சு எடுத்தாலே இரண்டு புத்தகங்கள் வரும். ஒன்று ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' (1974). இன்னொன்று மேத்யூ கிராஃபோர்டின் 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' (2009). பிர்சிக்கில் எனக்கு மறக்காத இடம், நண்பனின் பிஎம்டபிள்யூ ஹேண்டில்பார் வழுக்குகிறது என்று பீர் டின்னை வெட்டி இடையில் தகடாகச் செருகலாம் என்று கதைசொல்லி சொல்லும் பகுதி. நண்பன் முகம் சுருங்கிவிடுகிறது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் வண்டிக்குப் பழைய பீர் டின்னா? பொருளை அதன் பிறப்பை வைத்துப் பார்க்கிறவனும் அதன் வேலையை வைத்துப் பார்க்கிறவனும் ஒரே டின்னுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். பிர்சிக்கின் மொத்தத் தத்துவத்தையும்விட இந்த டின் எனக்குப் போதும்.

ஆனால் இரண்டு புத்தகங்களும் பெரும்பாலும் ரிப்பேர் பற்றியவை. பிர்சிக்கின் தலைப்பிலேயே பராமரிப்பு இருக்கிறது. சிகாகோவில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, வாஷிங்டனில் ஒரு சிந்தனை நிறுவனத்தில் வேலை பார்த்து வெறுத்துப்போய், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் பைக் மெக்கானிக் ஷாப் போட்டவர் கிராஃபோர்ட். ரிப்பேரில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த வண்டி ஒருகாலத்தில் ஓடியது, மேனுவல் இருக்கிறது, அளவு இருக்கிறது, திரும்பிப் போக ஒரு பழைய நிலை இருக்கிறது. புதுசாகச் செய்கிறவனுக்கு அது கிடையாது. பர்ட் மன்றோவின் இண்டியன் அந்த வேகத்தில் அதற்கு முன் ஓடியதே இல்லை. எது சரி என்று சொல்ல உலகத்தில் எந்தப் புத்தகமும் இல்லை. சாஃப்ட்வேரில் இருக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ஓடிக்கொண்டிருந்த சர்வர் நின்றுபோனால் தேடலாம். இதுவரை யாரும் எழுதாத ஒன்று ஓடவில்லை என்றால், ஓடக்கூடியதுதானா என்றே தெரியாது.

இந்த நிலைமை இன்று அப்பட்டமாகத் தெரிவது வீட்டில் டர்போ கட்டுகிறவர்களிடம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் நான்கு பெரிய கம்பெனிகளும் டர்போ பைக் விட்டுப் பார்த்தன. ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போ 1982இல் வந்தது, கவாசாகியின் 750 டர்போ 1984இல். சில வருடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. பெரிய இன்ஜின் போட்டாலே அதே சக்தி குறைந்த சிக்கலில் கிடைத்ததால், கம்பெனிகளுக்கு டர்போ கட்டுப்படியாகவில்லை. அதன் பிறகு பைக்கில் டர்போ வேண்டும் என்றால் பெரும்பாலும் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். டர்போவை வாங்கிவிடலாம். அதை வண்டியோடு சேர்க்கிற ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும். உதாரணத்துக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் கம்ப்ரெஷனைக் குறைக்க வேண்டியிருக்கும். சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடு வெட்டிப் போட்டுத் தூக்குகிறீர்கள். தூக்கியதும் கேம் செயினின் தூரம் மாறுகிறது, வால்வ் டைமிங் நகர்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு வந்தால் எண்ணெய் காத்திருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். அந்த எண்ணெய் தானாகக் கீழே வடிந்து இன்ஜினுக்குத் திரும்ப வேண்டும், பைக்கிலோ டர்போவை வைக்க இடம் கிடைப்பது பல நேரம் எண்ணெய்த் தொட்டிக்கும் கீழே. எண்ணெய் மேலே ஏறாது. அப்போது அதை உறிஞ்சி அனுப்ப இன்னொரு பம்ப், அந்தப் பம்பை ஓட்ட ஒரு வழி. ஒரு தகட்டில் ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறது.

இதைப் பற்றிய வீடியோக்கள் ஏராளம், இரவு ஒரு மணிவரை பார்த்த நாட்கள் உண்டு. பன்னிரண்டு நிமிடத்தில் சைலன்சர் பைப்பு உருவாகி, தீப்பொறி பறந்து, கடைசியில் வண்டி உறுமும். மூன்று மாத வேலை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் ஓடும்போது பின்னணியில் ஒரு கிடார். மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காக விழுந்த வெல்டை நெருக்கத்தில் காட்டுவார்கள். அந்த வெல்டின் உட்புறத்தை யாராவது காட்டியிருக்கிறார்களா என்று தேடினேன், அபூர்வம். எஸ்.எஸ். பைப்பை ஆர்கான் வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பளபளப்பாக இருக்கும் அதே இடத்தில் உள்ளே உலோகம் கருகி, முறுகின சர்க்கரை மாதிரி பொரிந்து நிற்கும். வெடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். உதிர்ந்த துணுக்கு நேராக, லட்சம் சுற்றில் சுற்றும் டர்பைன் இறக்கைக்குப் போகும். டொனால்ட்சனின் படமும் இந்த வீடியோக்களும் எனக்கு ஒரே வகையாகத் தெரிவது இதனால்தான். இரண்டும் வெல்டின் வெளிப்பக்கத்தை மட்டும் படம்பிடிக்கின்றன.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பொழுதுபோக்குதானே? நஷ்டம் இருக்கிறது. என் வயது ஆட்கள், திரையை முறைத்துப் பார்த்தே முதுகு போனவர்கள், கிராஃபோர்டைப் படித்துவிட்டு 'கையால் ஏதாவது செய்யணும் மச்சி' என்று ஏங்குகிறோம். அந்த ஏக்கம் பொய் இல்லை. ஆனால் அது ஏங்குவது பன்னிரண்டு நிமிட வீடியோவுக்கு. கிராஃபோர்ட் மேசை வேலையை விட்டுப் பட்டறைக்குப் போனது அவர் தேர்வு, விட்டுவிட்டு வரவும் அவரால் முடியும். நம் ஊரில் கைவேலை என்பது பிறப்போடு கட்டி வைக்கப்பட்டிருந்த ஒன்று. அதை ஆன்மாவின் பயிற்சி என்று சொன்னால், அதிலிருந்து வெளியேறப் போராடிய குடும்பங்களுக்கு எப்படிக் கேட்கும்? மாமா பதினான்கு வயதில் லேத்துக்கு அனுப்பப்பட்டவர். மகனைப் பட்டறை வாசலில்கூட நிற்க விட்டதில்லை. அதே மனிதர்தான் பின் ஓட்டை நேராக நிற்பதைக் காட்டினால் 'நான் பாப்பனே' என்கிறார். வேலையின் மேல் அவருக்கு இருக்கும் மதிப்பும் அந்த வாழ்க்கையின் மேல் இருக்கும் கசப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற எழுத்தை நான் கிராஃபோர்டில் பார்க்கவில்லை. பிர்சிக்கில் அதற்கு இடமே இல்லை.

டொனால்ட்சனிடம் மட்டும் இதைக் கொஞ்சம் எதிர்பார்த்தேன், ஏனென்றால் அவர் இதை அறியாதவர் இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே பர்ட் மன்றோவை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்தவர் அவர், கிழவரையும் வண்டியையும் மறுபடி பான்வில்லுக்கே கூட்டிப்போய். அந்தப் படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அலமாரியில் எழுதியிருந்த அதே வாசகம். முப்பது வருடம் கழித்துக் கதைப்படமாக எடுக்கும்போது அலமாரி தலைப்பிலிருந்து இறங்கிவிட்டது, வேகம் ஏறிக்கொண்டது. 1962, 1966, 1967 என்று வைத்த மூன்று சாதனைகள் ஒரே பயணமாகச் சுருங்கி, க்ளைமாக்ஸில் முள் 200 மைலைத் தாண்டுகிறது. பயணத்தைச் சுருக்கியதில் எனக்குக் குறை இல்லை, கதைக்கு அது தேவை. சுருக்கியதில் காணாமல் போனது இடைப்பட்ட வருடங்கள். ஒவ்வொரு முறையும் உப்புவெளியிலிருந்து ஊருக்குத் திரும்பி, கொட்டகையைத் திறந்து, புதிதாக உடைந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த வருடங்கள். இரண்டு மணி நேரப் படத்தில் அப்படிப் பார்க்கும் ஹாப்கின்ஸின் முகத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம். அவரால் முடியாதா என்ன?

பர்ட் மன்றோ 1978இல் இறந்துபோனார். அந்த இண்டியன் இப்போது இன்வர்கார்கிலில் இ. ஹேய்ஸ் என்ற ஹார்டுவேர் கடைக்குள் நிற்கிறது. சாமான் வாங்க வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.