ஜி-யோடு ஒட்டாத உறுமல்

பேஸ் கிட்டார் ஆம்ப்பை ஆன் செய்ததும், கம்பியில் விரல் படுமுன்பே, ஒரு மெல்லிய உறுமல் கிளம்பிவிடுகிறது. வாசிப்பவரும் சரி, மைக் செட்காரரும் சரி, அதை ஒழித்துக்கட்டத்தான் பார்ப்பார்கள். நியாயம்தான். ஆனால் ஒழிப்பதற்கு முன் ஒரு நிமிஷமாவது அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அத்தனை நயம் அதில் இருக்கிறது.

நம் ஊர் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இடைவெளி ஒன்றே ஒன்று. அந்த ஜி-யை மீட்டி நீளவிட்டுக் கேளுங்கள்: உறுமலும் ஸ்வரமும் உரசிக்கொண்டு, ஏறத்தாழ நொடிக்கு ஒரு தரம் ஒலி வீங்கி வீங்கித் தணியும். தம்புராவில் இரண்டு தந்திகள் ஸ்ருதி சேரப்போகும் தறுவாயில் எழும் அலை மாதிரிதான். இங்கே 50 அசைந்து கொடுக்காது. கம்பியைச் சற்றே பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தைத்தான் அதனிடம் ஏற்ற வேண்டும். அலை நீண்டு, நீண்டு, நின்றுபோகும் அந்த இடத்தைக் காதும் விரல்நுனியும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அது ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் விழுவதால் அங்கே இந்த நெருக்கம் வாய்க்காது.

சாதாரண கிட்டார் ஆம்ப்பிலும் இந்தச் சுகம் இல்லை. அதன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. 100, 150 என்று மேலே கிளைக்கும் ஒலிகளைத்தான் முரலும். பேஸ் ஆம்ப்பின் கனத்த கோனும் பெட்டியும் அடி ஸ்தாயிக்கென்றே செய்தவை. எந்த வலிமையால் அது இசையின் பாரத்தைத் தாங்குகிறதோ, அதே வலிமையால் தன் குறையையும் முழுதாகச் சொல்லிவிடுகிறது. உள்ளே ஃபில்டர் கன்டென்சர் தளர்ந்துபோனால் உறுமல் 100-க்குத் தாவும். அடியில் உருண்டு கிடந்த ஒலி இறுகிப்போய், மூக்கால் பேசுவதுபோல் கேட்கும். கைதேர்ந்த மெக்கானிக்குக் கோளாறின் பாதிக் கதை மூடியைக் கழற்றுமுன்பே தெரிந்துவிடும்.

ஃபெண்டர் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் இன்னொரு அழகு. அதில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டு. தனியாக ஒலித்தால் ஒவ்வொன்றும் உறுமும். ஆனால் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் ஒன்றின் உறுமலை மற்றது தின்றுவிடும். ஒரு குமிழை மயிரிழை குறையுங்கள். தரையிலிருந்து நீர் ஊறுவதுபோல் உறுமல் மெல்லக் கசியும். ஒற்றைப் பிக்கப்போடு விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பினால், ஆம்ப் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்துக்குப் பிக்கப்பின் கம்பிச்சுருள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும்போது சத்தம் இளைத்துப்போகிறது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் மறுபடி வந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் திசையை உடம்பு அறிந்துகொள்ளும் வித்தை இது.

திருவிழா மேடையில் சீரியல் செட்டும் டிம்மரும் எரியும்போது வருவது வேறு ஜாதி: கூரான, பொடிப்பொடியான ரீங்காரம். கம்பியைத் தொட்டால் சட்டென்று தணியும். வாசிப்பவரின் உடம்பு பிடித்துக்கொண்டு வந்த இரைச்சல் பிரிட்ஜ் வழியாக எர்த்துக்குப் போய்விடுகிறது. ஆம்ப்பும் மிக்ஸரும் வேறு வேறு பிளக்கில் இருந்து உறுமினால் இரண்டையும் ஒரே போர்டில் சொருகிப் பார்க்கலாம். ஆம்ப்பை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் பிடுங்கக் கூடாது. 1972-இல் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். எந்த நிசப்தத்துக்கும் அந்த விலை கிடையாது.

ட்வீட்டரில் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதி, ரெசிஸ்டருக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைவதன் ஒலி. பெல் ஆய்வகத்தின் ஜான்சன் 1920-களிலேயே அதை அளந்து காட்டிவிட்டார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கிடுகிடுப்பு. ஈ-யிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறிக்கொண்டே வாருங்கள். எல்லா ஸ்வரமும் சுத்தமாக இருக்கும். ஏதோ ஒன்றில் மட்டும் பெட்டி 'கிர்ர்' என்னும். அரை ஸ்வரம் தள்ளினால் இல்லை. அது கிரில்லின் தளர்ந்த திருகாக இருக்கலாம், கைப்பிடியாக இருக்கலாம், பக்கத்தில் இருக்கும் ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகளாகவும் இருக்கலாம். அந்த ஸ்வரத்தை ஒருவர் விடாமல் வாசிக்க, இன்னொருவர் பெட்டியைச் சுற்றி உள்ளங்கையால் தடவி வர வேண்டும். எங்கே கை பட்டதும் ஸ்வரம் தெளிகிறதோ, அங்கே திருப்புளியை வைக்கலாம்.